கண்ணாடிச் சுவரில் ஒரு தெரு: கட்டடப் பிம்பங்களைப் படமெடுப்பது எப்படி?

இரவு ரயிலில், குளிர்சாதனப் பெட்டியில் பயணம் செய்த பலரும் ஒரு சிறு காரியத்தைச் செய்திருப்பார்கள். வண்டி ஏதோ ஒரு நிலையத்தில் நிற்கும். எந்த ஊர் என்று பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினால், ஊருக்குப் பதிலாக நம் முகமும் எதிர்ப் படுக்கையில் தூங்குபவரின் போர்வையும்தான் தெரியும். உடனே இரண்டு கைகளையும் கண்களின் இருபுறமும் குவித்து வைத்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்ப்போம். இப்போது நடைமேடையும் பெயர்ப் பலகையும் தெரிந்துவிடும். கண்ணாடி மாறவில்லை, நிலையத்தின் விளக்கும் மாறவில்லை. பெட்டிக்குள்ளிருந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வெளிச்சத்தைக் கைகள் மறைத்தன, அவ்வளவுதான். நகரத் தெருவில் கண்ணாடிக் கட்டடங்களில் தெரியும் பிம்பங்களைப் படமெடுக்க விரும்புபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்த ஜன்னலிலேயே இருக்கிறது. ஒரு கண்ணாடி நமக்கு எதைக் காட்டும் என்பதை அதன் இருபுறமும் உள்ள வெளிச்சங்களுக்கு இடையிலான போட்டிதான் முடிவு செய்கிறது.

தமிழில் ஜன்னலில் பொருத்துவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி. ஒரே சொல் இத்தனை பொருளைச் சுமப்பது மற்ற இடங்களில் குழப்பம் தரலாம். இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அது மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் நாம் பார்க்கப்போகும் கட்டடங்களின் சுவர் ஒரே நாளில் ஜன்னலாகவும் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் மாறி மாறி வேலை செய்கிறது.

போட்டியின் கணக்கைச் சிறிது பார்ப்போம். பூச்சு எதுவும் இல்லாத சாதாரணக் கண்ணாடியை நேர் எதிரே நின்று பார்க்கும்போது, அதன் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தை எதிரொளிக்கிறது. முன்பரப்பும் பின்பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய 8 சதவீதம். மீதியில் பெரும்பகுதி உள்ளே சென்றுவிடும். 8 சதவீதம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நல்ல வெயிலில் தெருவில் விழும் ஒளி 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவை எட்டும். அலுவலக அறைக்குள் மேசைமேல் இருப்பது 300 முதல் 500 லக்ஸ்தான். வெயிலில் 8 சதவீதம் திரும்பி வந்தாலே அது 8,000. அதன் முன்னால் அறைக்குள்ளிருக்கும் 500 நிற்க முடியாது. எனவே பகலில் கட்டடம் தெருவைக் காட்டுகிறது. இரவில் தெருவிளக்கின் கீழ் 10 அல்லது 20 லக்ஸ் மட்டுமே இருக்கும்போது, அதில் 8 சதவீதம் என்பது ஒன்று அல்லது ஒன்றரை; அப்போது அறைக்குள் எரியும் விளக்கு வென்றுவிடும், கட்டடம் தன் உள்ளே இருக்கும் நாற்காலிகளைக் காட்டும். சுவர்களின் நிறத்தையும் பிறவற்றையும் விட்டுவிட்ட தோராயக் கணக்கு இது. ஆயினும் தெருவில் நின்று முடிவெடுக்க இது போதும். வெப்பத்தைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு தரப்பட்ட கண்ணாடிகள் 20, 30 சதவீதம் வரைகூட எதிரொளிக்கும் என்பதால், இன்றைய அலுவலகக் கட்டடங்களில் பிம்பம் இன்னும் அழுத்தமாகவே விழுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளியது: பிம்பமாக விழ வேண்டிய பொருள் வெயிலில் இருக்க வேண்டும், அதைக் காட்டும் கண்ணாடி நிழலில் இருக்க வேண்டும். ஒளிப்படம் கற்கத் தொடங்குபவருக்கு முதல் நாளில் சொல்லித் தரப்படும் அறிவுரை, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்பது. அந்த அறிவுரையை இங்கே தலைகீழாக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வெயில் நேராக விழும் கண்ணாடியில் தூசியும் மழைநீர் வடிந்த கறையும் வெள்ளையாக ஒளிரும். அதே நேரத்தில் அந்தக் கண்ணாடிக்கு எதிரே உள்ள கட்டடத்தின் முகப்பு, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருண்டு கிடக்கும். இருண்ட பொருளை அழுக்குக் கண்ணாடியில் தேடினால் என்ன கிடைக்கும்?

சென்னையின் ராஜீவ் காந்தி சாலையை, அதாவது இன்றும் பலர் ஓ.எம்.ஆர். என்றே சொல்லும் பழைய மகாபலிபுரம் சாலையை, உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு, மத்திய கைலாஷ் தொடங்கிச் சிறுசேரி வரை இந்தச் சாலையின் இருபுறமும் கண்ணாடி முகப்புள்ள அலுவலகங்கள் வரிசையாக எழுந்தன. சாலை பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுகிறது என்பது நமக்கு வாய்ப்பாக அமைந்த செய்தி. காலையில் கிழக்கிலிருந்து வரும் வெயில் மேற்குச் சாரிக் கட்டடங்களின் முகத்தில் விழும். அவற்றின் பிம்பம் நிழலில் இருக்கும் கிழக்குச் சாரிக் கண்ணாடியில் தெரியும். ஆகவே காலையில் கிழக்குச் சாரியைப் பார்க்க வேண்டும், மாலையில் மேற்குச் சாரியைப் பார்க்க வேண்டும். இரண்டு வேளையிலும் நாம் சூரியன் இருக்கும் பக்கத்தையே நோக்கி நிற்கிறோம். கட்டடமே குடையாக நின்று வெயிலை மறைத்துக்கொள்கிறது.

நண்பகலைச் சென்னையில் விட்டுவிடுவதே நல்லது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. செங்குத்தான சுவர்களின்மேல் ஒளி வழுக்கிக்கொண்டு போவதால் எந்தச் சாரியிலும் சிறப்பான பிம்பம் கிடைப்பதில்லை. டிசம்பரில் நிலைமை வேறு. நண்பகலிலும் சூரியன் உச்சியிலிருந்து 36 டிகிரி தெற்கே சாய்ந்திருப்பதால், கிழக்கு மேற்காக ஓடும் குறுக்குத் தெருக்களில் வடசாரிக் கட்டடங்கள் நாள் முழுவதும் வெயிலில் இருக்கும். தென்சாரிக் கண்ணாடிகளில் அவற்றைத் தேடலாம்.

எந்தப் பொருளைப் பிம்பமாகத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் கருத்து இது: கண்ணாடியில் இன்னொரு கண்ணாடிக் கட்டடம் தெரிவதைவிட, கல்லோ செங்கல்லோ மரமோ தெரிவது பன்மடங்கு நல்ல படத்தைத் தரும். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கோப்லி சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே கட்டடக் கலைஞர் எச். எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட டிரினிட்டி தேவாலயம், முரட்டுக் கற்களால் ஆன கனத்த கட்டடம். அதன் பக்கத்திலேயே 1976-இல் 60 மாடிகளும் 241 மீட்டர் உயரமும் கொண்ட ஜான் ஹான்காக் கோபுரம் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஹென்றி காப் அதை ஒல்லியான இணைகர வடிவில் அமைத்து, முழுவதையும் எதிரொளிக்கும் கண்ணாடியால் போர்த்தியதற்கு ஒரு காரணம், பழைய தேவாலயத்தை அது அமுக்கிவிடக் கூடாது என்பதுதான். இன்று சதுக்கத்தில் நிற்பவர் தேவாலயத்தை இரண்டு முறை பார்க்கிறார்: ஒன்று கல்லாக, மற்றொன்று கண்ணாடிக் கட்டங்களில் துண்டு துண்டாக நெளிவதாக. பழையதும் புதியதும் ஒரே சட்டகத்தில் வருவதால், அந்த இடத்தில் நின்று படமெடுக்காத சுற்றுலாப் பயணியைக் காண்பது அரிது. அந்தக் கோபுரத்தின் கண்ணாடிக்கு ஒரு சோகமான முன்கதையும் உண்டு. கட்டுமானம் முடியும் முன்பே பலகைகள் விரிசல் விட்டுக் கீழே விழத் தொடங்கின. கடைசியில் 10,344 பலகைகளையும் கழற்றிவிட்டு, வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட ஒற்றைக் கண்ணாடிகளைப் பொருத்த நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டைகளை ஒட்டுப்பலகையால் அடைத்திருந்தார்கள்.

அடுத்து, தொடக்க நிலையில் இருப்பவர்களை மிகுதியாகத் தடுமாற வைப்பது ஃபோகஸ். பிம்பம் கண்ணாடியின்மேல் ஒட்டியிருக்கிறது என்றே நம் மனம் நம்புகிறது, அது உண்மையன்று. பள்ளியில் படித்த மாயபிம்பத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் மரத்தை அதில் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். மரம் மங்கலாகவே இருக்கும். கண் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் தொலைவில் நிற்கும் மரத்தைத்தான் பார்க்க முயல்கிறது.

தெருவில் இதையே எண்களாக்கினால், நீங்கள் கட்டடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், எதிர்க் கட்டடம் கண்ணாடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், உங்கள் கேமரா 50 மீட்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும். தானியங்கி ஃபோகஸ் பெரும்பாலும் கண்ணாடிப் பலகைகளுக்கு இடையிலுள்ள அலுமினியச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு 20 மீட்டரில் நின்றுவிடும். செல்பேசியில் எடுப்பவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் சிறிய லென்ஸில் இரண்டு தூரங்களுமே தெளிவாக விழுந்துவிடும். பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 8 அபெர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளை அளவில்) வைத்து 10 மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்தால், 5, 6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். சட்டமும் பிம்பமும் ஒருசேரத் தெளிவாக இருப்பது பெரும்பாலான கட்டடப் படங்களுக்கு அவசியம் என்றே நினைக்கிறேன்; சட்டம் மங்கினால் பார்ப்பவருக்கு இது கண்ணாடி என்பதே உறைக்காமல் போகும். தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலி லென்ஸும் பெரிய அபெர்ச்சரும் வைத்திருப்பவர்கள் மட்டும் எது தெளிவாக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, பிம்பத்தின்மேல் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

நிற்கும் இடம் எப்படிப் படத்தை மாற்றுகிறது என்பதை ஒரு முறை நடந்து பார்த்தால் மறக்காது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால், நாம் வலப்பக்கம் ஓரடி வைத்தால் கண்ணாடிக்குள் இருக்கும் தெருவும் சட்டங்களுக்குப் பின்னால் நகர்ந்துவிடும். கட்டடத்தை நெருங்க நெருங்கப் பிம்பம் கீழ் மாடிகளுக்கு இறங்கும்; விலகினால் மேலே ஏறும். 30 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம் கண்ணாடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், அதன் உச்சி 5 மீட்டர் தொலைவில் நிற்பவருக்குக் கண்ணாடியில் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தெரியும். அவர் 20 மீட்டருக்குப் பின்வாங்கினால் அதே உச்சி 13 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். நிறுத்திவைத்த வாகனங்களும், மெட்ரோ பணிக்காக வைத்த தடுப்புகளும், விளம்பரப் பலகைகளும் கீழ்ப் பகுதியை மறைக்கும் சாலைகளில் இந்த ஏற்ற இறக்கம் பெரிய உதவி. பின்னால் போக இடம் இல்லையென்றால், எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் படிக்கட்டோ நடைமேம்பாலமோ அதே பயனைத் தரும்.

பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பார்ப்பதற்கு வேறொரு பலனும் உண்டு. சாய்வு கூடும்போது கண்ணாடி எதிரொளிக்கும் அளவும் கூடுகிறது. கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து பார்த்தால், ஒவ்வொரு பரப்பும் நேராகப் பார்ப்பதைப் போல இரு மடங்குக்கு மேல் எதிரொளிக்கும். 80 டிகிரியில் அது 40 சதவீதத்தை நெருங்கும். சுவரை ஒட்டி நின்று நீளவாக்கில் பார்த்தால் சாதாரணக் கடைக் கண்ணாடிகூட வெள்ளிபோல் மின்னுவது இதனால்தான். தெருவின் வாகன வரிசை தன் இரட்டையை ஒட்டிக்கொண்டு வருவது போன்ற படங்கள் இந்தக் கோணத்தில்தான் பிறக்கின்றன.

எழுத்துகளையும் கவனியுங்கள். பிம்பத்தில் பெயர்ப் பலகைகள் இடவலமாகப் புரண்டிருக்கும். ஓ.எம்.ஆர். போல இருபுறமும் கண்ணாடி உள்ள சாலையில் எப்போதாவது பிம்பத்துக்குள் ஒரு பலகையை நேராகவே வாசிக்க முடியும்; ஒளி இரண்டு கட்டடங்களில் இரண்டு முறை பட்டுத் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். புரண்ட எழுத்தைக் கணினியில் திருப்பிச் சரிசெய்ய வேண்டாம், அந்தப் புரளல்தான் படத்தின் சாட்சி.

பெரும்பாலோரைக் கவர்வது நெளிவுகள். தட்டையான சுவரில் தெரியும் கட்டடம் ஏன் தண்ணீரில் விழுந்ததுபோல் வளைகிறது? ஜன்னல் கண்ணாடி தட்டையாகவே தயாராகிறது. ஆனால் பாதுகாப்புக்காக அதை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, உருளைகளின்மேல் நகர்த்திச் சட்டென்று குளிர்விக்கும்போது, இளகிய கண்ணாடியில் உருளைகளின் மெல்லிய அலை பதிந்துவிடுகிறது. இரண்டு பலகைகளுக்கு நடுவே காற்றை அடைத்து மூடிய இரட்டைக் கண்ணாடிகளில், வெப்பமும் காற்றழுத்தமும் மாறும்போது பலகை தலையணைபோல் உப்புகிறது அல்லது உள்வாங்குகிறது. போதாக்குறைக்கு, பொருத்தும்போது ஒரு பலகை 1 டிகிரி சாய்ந்தாலும் அதில் பட்டுத் திரும்பும் ஒளி 2 டிகிரி திரும்பிவிடும். 30 மீட்டர் தொலைவில் அது ஒரு மீட்டர் இடப்பெயர்ச்சி. அடுத்தடுத்த பலகைகளில் ஒரே தூண் ஒட்டாமல் முறிந்து முறிந்து தெரிவதற்கு இதுவே காரணம். முழுக் கட்டடத்தையும் சட்டகத்துக்குள் அடக்க முயன்றால் இந்த அழகு சிறு சுருக்கமாகத் தேய்ந்துபோகும். டெலி லென்ஸால், அல்லது செல்பேசியின் இரண்டு மூன்று மடங்கு ஜூம் லென்ஸால், ஆறு அல்லது எட்டுப் பலகைகளை மட்டும் வெட்டி எடுங்கள்.

உள்நோக்கிக் குழிந்த கண்ணாடி முகப்புகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 2013-இல், அதன் குழிந்த முகப்பு வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பின்னர் அங்கே வெயில் தடுப்புகள் பொருத்தப்பட்டன. தட்டைக் கண்ணாடியில் தெரியும் சூரியனையும் வ்யூஃபைண்டர் வழியே நேராகப் பார்க்கக் கூடாது.

லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரைக் கண்ணாடிப் பளபளப்பை நீக்கும் கருவியாகவே கடைக்காரர்கள் விற்கிறார்கள். நமக்கு அந்தப் பளபளப்புதான் வேண்டும். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 டிகிரி சாய்வில் கண்ணாடியைப் பார்க்கும்போது, எதிரொளித்த ஒளி முழுவதும் ஒரே திசையில் அதிர்கிறது. அப்போது ஃபில்டரின் வளையத்தைச் சுழற்றினால் பிம்பம் மறைந்து அறை தெரியும், மேலும் கால் சுற்றுச் சுழற்றினால் அறை மங்கிப் பிம்பம் திரும்ப வரும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். புதிதாகத் தொடங்குபவர் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பேன்.

எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு, பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிழலில் இருக்கும் இருண்ட கண்ணாடியைக் கண்டு கேமரா படத்தை வெளுக்க வைத்துவிடும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைப்பது ஒளியைப் பாதியாக்குவது) குறைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் பிம்பத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். கண்ணாடியின் நீலமோ பச்சையோ வெண்கல நிறமோ பிம்பத்தில் ஏறியிருக்கும். அந்தச் சாயத்தை முழுவதும் கழுவிவிடாதீர்கள்.

கடைக் கண்ணாடிகள் தனி உலகம். அங்கே உள்ளே விளக்கும் வெளியே வெயிலும் ஏறக்குறைய சமமாகப் போட்டியிடுவதால் பொம்மையும் தெருவும் ஒன்றன்மேல் ஒன்று படியும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் யூஜின் அட்ஜே 1925-இல் பாரிஸின் கோபெலின்ஸ் அவென்யூவில் எடுத்த படங்களில், துணிக்கடைப் பொம்மைகளின் உடலுக்குள்ளேயே எதிரிலுள்ள மரங்களும் கட்டடமும் நுழைந்திருக்கும். இப்படி அருகில் நின்று எடுக்கும்போது நம் உருவமும் படத்தில் விழும். கறுப்புச் சட்டை அணிந்து, சற்றுப் பக்கவாட்டில் நின்றால் அது மறைந்துவிடும். அமெரிக்கரான லீ ஃப்ரீட்லேண்டர் அதை மறைக்காமல் பல படங்களில் தன் நிழலையும் உருவத்தையும் வேண்டுமென்றே விட்டுவைத்தார். நம் இருண்ட உருவம் விழும் இடத்தில் வெளி வெளிச்சம் தடைப்பட்டு, அங்கே மட்டும் கடையின் உட்புறம் தெளிவாகத் தெரியும் என்பதைக் கவனித்தால், ரயில் ஜன்னலில் குவித்த கைகள் நினைவுக்கு வரும்.

அலுவலக வாசலில் காவலாளி வந்து, இங்கே படம் எடுக்கக் கூடாது என்று சொன்னால் வாதாட வேண்டாம். திரையைக் காட்டுங்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் எதிர்க் கட்டடமாகத்தான் இருக்கும் என்பது அவருக்கும் சிறு குழப்பத்தைத் தரும்.

இந்தப் போட்டியில் இரண்டு வெளிச்சங்களும் சமமாக நிற்கும் நேரம் ஒன்று நாள்தோறும் வருகிறது. சென்னையில் சூரியன் மறைந்த பிறகு அந்தி வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் நீடிக்கும். அதற்குள் கேமராவை முக்காலியில் பொருத்தி, சட்டகத்தையும் ஃபோகஸையும் மாற்றாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள். முதல் படங்களில் கண்ணாடி முழுவதும் ஆரஞ்சு வானமும் எதிர்ச் சாரியும் இருக்கும். பிறகு ஓர் அறையில் விளக்கு எரியும், அந்தப் பலகையில் மட்டும் வானம் அழிந்து ஒரு மேசையும் குனிந்த தலையும் தோன்றும். அடுத்து மேல் மாடியில் இரண்டு, அதன் பக்கத்தில் ஒன்று என்று விளக்குகள் ஏறிக்கொண்டே போகும். ஆள் இல்லாத இருட்டு அறைகளின் பலகைகளில் மட்டும் வானம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும்.